வாளும் அதன் கோலமும்

ஒரு வாளின் வயது யாது என்று வினவினால், அதற்கு ஒரே விடைதான் இருக்க முடியும் என்று நாம் எண்ணுவோம். ஆயின், ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோவில், தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு வாளைக் குறித்து இவ்வினாவை எழுப்பினால் இருவேறு விடைகள் கிடைக்கும். அவ்வாளின் அலகு கி. பி. எட்டாம் நூற்றாண்டில் அடிக்கப்பெற்றது. அதற்கென அமைந்த பிடியும் உறையும் பூண்களும் 1873-ஆம் ஆண்டில் செய்யப்பெற்றவை. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஆண்டுகள் கிடக்கின்றன. பாட்டனின் பாட்டன், அவனுக்கும் பாட்டன் என்று பின்னோக்கி எண்ணிச் சென்றாலும் எளிதில் எட்டாத தொலைவு அது.

பிடி, உறை, கைக்காப்பு, பூண், கயிறு ஆகிய யாவும் சேர்ந்ததை ஜப்பானியர் 'கொஷிராயே' என்பர். அதனை நாம் வாளின் கோலம் எனலாம். மணக்கோலம், போர்க்கோலம் என்று மாந்தர்க்கு உரைப்பது போன்றதே இதுவும். மேலே கூறிய வாளின் பெயர் 'சுய்ரியூகென்' என்பது. 'சுய்' என்றால் நீர். 'கென்' என்றால் வாள். 'ரியூ' என்பது, மழைக்கும் நீர்நிலைகட்கும் தலைமை பூண்டதாகக் கிழக்காசிய மக்கள் கருதும் கற்பனைப் பெருநாகம். ஆகவே நீர்நாக வாள் என்று நாம் அதனை வழங்கலாம். இப்பெயர் அலகை நோக்கி வந்ததன்று. 1873-இல் செய்த கோலத்தில் நீர்நாகத்தின் உருவம் அமைந்திருந்தமையால் வந்தது. ஆள் பாதி, ஆடை பாதி என்று நம்மவர் கூறுவர்; இவ்வாளுக்கோ பெயர் முழுவதையும் ஆடையே தந்துவிட்டது!

இவ்வலகு இருந்த இடத்தை முதலில் காண்போம். எட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஜப்பானின் தலைநகராய் விளங்கியது நாரா. அரியணையை மகளுக்கு அளித்துவிட்டு வாழ்ந்த ஷோமு என்னும் பேரரசர் 756-ஆம் ஆண்டில் மறைந்தார். நாற்பத்தொன்பதாம் நாளன்று அவர் தேவியாகிய கோமியோ, கணவர் பயன்படுத்திய அரும்பொருள்கள் 600-க்கும் மேற்பட்டவற்றைத் தோடாய்ஜி கோயிலிலுள்ள பெரும்புத்தர்க்குக் காணிக்கையாக்கினார். அவற்றின் பட்டியல் ஏடு இன்றும் உள்ளது. அப்பொருள்களைக் கண்ணுறும்போதெல்லாம் பழைய நாள்கள் நினைவில் எழுந்து நெஞ்சம் உடைகின்றது என்னும் கருத்து அவ்வேட்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. கணக்கேட்டில் கண்ணீரையும் குறித்து வைத்த அம்மாதரசியின் செயல் எனக்கு என்றும் மறவாதது.

அக்காணிக்கையுள் 100 வாள்கள் இருந்தன. எட்டு ஆண்டுகட்குப் பின், 764-இல், ஃபுஜிவாரா நோ நாக்காமாரோ என்பான் கலகம் விளைத்தபோது, கருவூலத்திலிருந்த படைக்கலங்களை அரசாங்கத்தார் வெளியே எடுத்துச் சென்றனர். அவற்றுட் பெரும்பாலன திரும்பி வரவில்லை. போர்க்கருவி போர்க்குச் சென்று மறைந்தது. அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எஞ்சியவையும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவையுமே நமக்குக் கிடைத்துள்ளன.

அக்கருவூலத்தின் பெயர் ஷோசோயின். முக்கோண வடிவில் செதுக்கிய கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய மரக்கட்டடம் அது. ஏறத்தாழ 33 மீட்டர் நீளமுடையது. தரையினின்றும் ஆள் உயரத்திற்கு மேலாகத் தூண்கள் தாங்க நிற்பது. மழைக்காலத்தில் கட்டைகள் பருத்து ஈரத்தைத் தடுக்கும், வெயிற்காலத்தில் சுருங்கிக் காற்றை விடும் என்று முன்னெல்லாம் கூறி வந்தனர். கேட்பதற்கு அழகான விளக்கமே. எனினும், அளந்து பார்த்த ஆராய்ச்சியாளர் அதனை ஏற்கவில்லை. பொருள்களை வைத்திருந்த மூடியுள்ள தேவதாருப் பெட்டிகளே ஈரத்தின் ஏற்றத்தாழ்வைத் தடுத்து அவற்றைக் காத்தன என்பது அவர்தம் முடிபு. பேரரசரின் இசைவின்றி அக்கதவுகளின் முத்திரையை அகற்றலாகாது என்ற கட்டுப்பாடு, பெட்டிகளினும் சிறந்த காவலாயிற்று.

அங்கு இன்றும் உள்ள வாளொன்று அக்காலத்து அணிகோலம் எத்தகையது என்பதைக் காட்டுகின்றது. சீனத்தின் தாங்கு மரபினர் காலத்துப் பாணியில் அமைந்தது அது. பிடியில் வெண்ணிறத் திருக்கைத் தோல் போர்த்தப்பட்டுள்ளது. நம் கடற்கரை மீனவர் நன்கறிந்த திருக்கை மீனின் தோலேதான். உலர்ந்தால் மணிமணியாய்ப் பரல் எழுந்து, வியர்த்த கையும் வழுக்காதபடி பிடித்துக் கொள்ளும். உறையின்மீது அரக்குப் பூசி, அதன்மேல் பொற்றுகளைத் தூவி, விலங்குகளும் முகில்களும் தோன்றுமாறு தீட்டியுள்ளனர். துளைவேலைப்பாடு அமைந்த பொன்முலாம் பூசிய வெள்ளிப் பூண்களில் பளிங்கும் நிறக் கண்ணாடியும் பதித்துள்ளனர். அலகு நேரானது. ஜப்பானிய வாள் என்றவுடன் வளைந்த வடிவமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயின் எட்டாம் நூற்றாண்டு வாள்கள் நேரானவை. வளைவு நிலைபெற்றது அதற்குப் பின்னரே. குதிரைமேலிருந்து வீசி வெட்டுதற்கு வளைந்த அலகு ஏற்றதாயிற்று.

கோலத்தைப் பற்றி மேலும் கூறுமுன், அலகு பிறக்கும் வகையைச் சிறிது அறிதல் நலம்.

இளமையில் எங்கள் ஊர்க் கொல்லர் உலைக்களத்தில் துருத்தி ஊதும் பிள்ளைகளோடு நானும் உட்கார்ந்ததுண்டு. அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி நீர்த்தொட்டியில் தோய்க்கும்போது எழும் ஓசையைக் கேட்பதற்காகவே செல்வேன். ஜப்பானியக் கொல்லரும் செய்வது அதுவே. ஆயின் அதற்குமுன் அவர் செய்யும் வேலை மிகப் பெரிது. இரும்பு மணலையும் மரக்கரியையும் மாறி மாறி இட்டு, களிமண் உலையில் மூன்று நாள் இரவு பகலாக எரித்து உருக்கை எடுக்கின்றனர். ஷிமானே மாவட்டத்திலுள்ள ஒக்குயிசுமோ என்னுமிடத்தில், மறைந்துபோன இம்முறையை 1977-இல் மீண்டும் தொடங்கினர். ஒருமுறைக்கு ஏறத்தாழ 10 டன் மணலும் 12 டன் கரியும் செலவாகின்றன. கிடைக்கும் கட்டி ஏறத்தாழ இரண்டரை டன். அதனுள்ளும் வாளுக்கு உகந்த நல்லுருக்கு ஒரு டன்னுக்கும் குறைவே.

அவ்வுருக்கைத் தட்டி நீட்டி, நடுவே வெட்டி, மடித்து, மீண்டும் தட்டுவர். பத்து முறை மடித்தால் அடுக்குகள் எத்தனை என்று கணக்கில் வல்ல மாணவர்கள் உடனே கூறிவிடுவார்கள்: 1,024. இதனால் அழுக்குக் கழிந்து, உருக்கு எங்கும் ஒரு தன்மையாகின்றது. வடிவம் அமைந்தபின், அலகின் முதுகிலே களிமண்ணைத் தடிப்பாகவும் விளிம்பிலே மெல்லிதாகவும் பூசி, நெருப்பிலிட்டு, இருண்ட அறையில் அதன் நிறத்தைக் கண்ணாலேயே அளந்து நீரில் தோய்ப்பர். மண் மெல்லிதாய் உள்ள விளிம்பு விரைவில் குளிர்ந்து மிகக் கடினமாகும். முதுகு மெல்லக் குளிர்ந்து, முறியாத இயல்போடு நிற்கும். கடினமான விளிம்பு சற்றே விரிதலால் அலகு பின்னோக்கி வளையும். இரண்டும் கூடுமிடத்தில் அலைபோன்ற வெண்ணிறக் கோடு ஒன்று தோன்றும். தோய்க்கும் அந்நொடியில் அலகு வெடித்தும் போகலாம். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாகும்.

இனிக் கோலத்திற்கு வருவோம். உறைக்கு உரிய மரம் 'ஹோ' என்பது. மென்மையானது, அலகைக் கீறாதது. மரத்தை இரண்டாகப் பிளந்து, உட்புறத்தைக் குடைந்து, இரு பாதிகளையும் சோற்றுப் பசையால் ஒட்டுவர். வலிய பசை இருக்கச் சோற்றுப் பசை எதற்கு என்று கேட்கலாம். உள்ளே துரு ஏறினால் உறையை மீண்டும் இரண்டாகப் பிரித்துத் தூய்மை செய்தற்கே அவ்வாறு செய்தனர். பிரிக்கக்கூடியதாகவே செய்யப்படுவது ஒன்று, நெடுங்காலம் நிலைக்கின்றது.

உறையின்மேல் பூசும் அரக்கு, நம் நாட்டு அரக்கினின்றும் வேறானது. நம்முடையது மரத்தில் வாழும் பூச்சி தருவது. அவர்களுடையது 'உருஷி' என்னும் மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால். தோலிற் பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும் கொடிய பால் அது. வெயிலில் உலராமல் ஈரக் காற்றிலே உலர்வது அதன் புதுமை. பூசுதல், உலர்த்துதல், தேய்த்தல், மீண்டும் பூசுதல் என்று திங்கள் பல கழியும். பூச்சின் ஈரம் மாறுமுன் பொற்றுகளைத் தூவி, மேலே மீண்டும் அரக்கிட்டு மெருகேற்றினால், உள்ளிருந்து மின்னும் பொற்புள்ளிகளோடு பேரிக்காயின் தோல் போன்ற தோற்றம் உண்டாகும். இதற்கு 'நாஷிஜி' என்று பெயர். சில உறைகளில் முத்துச்சிப்பியை அறுத்துப் பறவை உருவங்களாக இழைப்பதும் உண்டு.

பூண்களைச் செய்த பொற்கொல்லர் திறம் தனியே போற்றத்தக்கது. அவர்கள் பெரிதும் விரும்பிய உலோகக் கலவைகளுள் ஒன்று 'ஷாக்குடோ'. செம்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு பொன்னைச் சேர்த்து உருக்கி, மருந்து நீரில் கொதிக்க வைத்தால், அது காக்கைச் சிறகுபோல நீலம் படர்ந்த கருமை பெறும். பொன்னைப் பொன்னிறம் காட்டுதற்கன்றிக் கருமை பெறுதற்காகச் செலவிட்டவர்கள் இவர்கள்! அக்கருமையின்மேல் சிறுபொன் இதழ் ஒன்றைப் பதித்தால் அஃது இரவில் விண்மீன் போலத் தோன்றும்.

இத்தனை ஆரவாரமும் அலகோடு இணைந்து நிற்பது எதனால் என்று எண்ணுகின்றீர்கள்? ஒரு சிறு மூங்கில் ஆணியால். பிடியிலும், அதனுள் புகும் அலகின் அடிப்பகுதியிலும் ஒரு துளை உண்டு. அவ்விரண்டின் ஊடே செல்லும் விரற்கடை நீள மூங்கிற் குச்சிதான் வாளையும் கோலத்தையும் ஒன்றாக்குகின்றது. குச்சியை அகற்றிவிட்டு, பிடியைப் பற்றிய கையின் மணிக்கட்டை மற்றொரு கையால் மெல்லத் தட்டினால் அலகு தானே எழும்பி வெளிவரும். அடிப்பகுதியில் கொல்லர் வெட்டிய பெயர் இருந்தால் அப்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும். அரண்மனை ஒப்பனை முழுவதையும் களைந்தால்தான் செய்தவன் பெயரைப் படிக்க முடியும் என்பது அக்கலையில் அமைந்த ஒரு விந்தை.

இவ்வாறு பிரிக்க இயல்வதால், ஒரே அலகு காலந்தோறும் பல கோலங்களை மாற்றிக்கொண்டது. போர்க்களத்தில் ஒரு கோலம், அவையில் ஒரு கோலம், உடையவன் மாறினால் மற்றொரு கோலம். பூச்சும் பட்டுக் கயிறும் நைந்து போகும், அலகு நிற்கும். ஓய்வில் இருக்கும் அலகுக்கு அரக்கில்லாத வெறும் வெண்மரத்தால் பிடியும் உறையும் செய்து அதனுள் வைப்பர். அரக்குப் பூசிய உறையினும் அதில் காற்று இயங்குவதால் துரு அணுகாது. அணிகோலத்திற்கோ மரத்தால் ஒரு போலி அலகு செய்து உள்ளே செருகி வைப்பர். மெய்யான அலகு எளிய மரத்தினுள்ளும், பொன்னணிந்த கோலம் மர அலகின்மீதும் என இரண்டும் அருகருகே இரு வேறு பெட்டிகளில் உறங்கும்.

கோலமே தலைமை பெற்று அலகு மறைந்த காலமும் ஒன்று இருந்தது. ஹேயான் காலம் எனப்படும் 794 முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதி வரையிலான காலத்தில், பேரரசர் அவையில் உயர்ந்த பெருமக்கள் விழா நாள்களில் 'கசாரிதாச்சி' என்னும் அணிவாளை இடையில் தொங்கவிட்டனர். ஷோசோயினிலுள்ள சீனப் பாணி வாளின் வழிவந்தது அது. யார் அணியலாம், எவ்வகை ஒப்பனை அவர்க்கு உரியது என்பவை நிலைமையை ஒட்டி வரையறுக்கப்பட்டிருந்தன. முத்துச்சிப்பியும் மணியும் பொன்னும் பொலிந்த அவ்வுறையினுள் பலவற்றில் இருந்தது வெட்டும் அலகன்று. கூரற்ற மெல்லிய இரும்புத் தகடே. பின்னர் தோக்குகாவா மரபினர் ஆண்ட காலத்தில், பெருநிலத் தலைவர்கள் ஒருவர்க்கொருவர் வாளைப் பரிசிலாக அளிக்கும் வழக்கம் பெருகியபோது, முழுவதும் மரத்தாலேயே செய்து கருமை பூசிய வாள்களும் காணிக்கையாகக் கைமாறின.

வெட்டாத வாளும் ஒரு வாளோ என்று நகையாடத் தோன்றும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆயின், கொல்லும் கருவியை இடையில் தொங்கவிட்டும் எவரையும் கொல்லாமல் அவை நடாத்திய மக்களை இகழ்வதற்கு என்ன இருக்கின்றது? அன்றியும், அக்கூரற்ற தகடுகளின் பொருட்டுத்தான் பொற்கொல்லரும் அரக்கு வினைஞரும் தம் கலையின் எல்லையைக் கண்டனர். போரையே நோக்கிச் செய்த கோலங்கள் பெரும்பாலும் போரில் அழிந்தன. விழாவை நோக்கிச் செய்தவையே கோயில்களிலும் கருவூலங்களிலும் தங்கின.

இனி நீர்நாக வாளுக்கு மீள்வோம். 1868-இல் தோக்குகாவா ஆட்சி வீழ்ந்து, இளைஞராகிய மெய்ஜி பேரரசரின் பெயரால் புதிய அரசு தோன்றிற்று. 1872-இல் பழம்பொருள்களை ஆராயப் புறப்பட்ட குழுவினர் ஷோசோயினின் கதவுகளைத் திறந்து உள்ளிருந்தவற்றைக் கண்டு எழுதினர். அங்கிருந்த நேரலகு வாளொன்றைப் பேரரசர் தமக்கு உரிய அணிவாளாகக் கொண்டார். அதற்கு ஏற்ற கோலம் செய்யும் பணி கானோ நட்சுவோ என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நட்சுவோ 1828-இல் கியோட்டோ நகரில் அரிசி வணிகர் இல்லத்தில் பிறந்தவர். சிறு பிள்ளையாய் இருக்கும்போதே வாள் வணிகர் ஒருவர்க்கு வளர்ப்பு மகனானார். கடையில் வந்து குவியும் பூண்களையும் கைக்காப்புகளையும் பார்த்துப் பார்த்து, தாமே உளியைக் கையில் எடுத்தார் என்பர். பின் முறையாக உலோக வேலையும், ஓவியமும் பயின்று, 1854-இல் இக்காலத்து டோக்கியோவாகிய எடோவுக்குச் சென்று புகழ் பெற்றார். புதிய அரசு நாணயம் வெளியிட முற்பட்டபோது, அதற்குரிய நாக வடிவத்தையும் எழுத்தையும் செதுக்கும் வேலை அவர்க்கு வந்தது. வார்ப்பச்சுகளை வெளிநாட்டில் செய்விக்க முதலில் கருதியிருந்தனர் என்றும், அவர் கைத்திறத்தைக் கண்டபின் அக்கருத்து கைவிடப்பட்டது என்றும் கூறுவர். வாளின் பூணில் நாகம் செதுக்கிய கை, காசின் முகத்தில் நாகம் செதுக்கிற்று.

1873-இல் அவர் கோலத்தை முடித்தார். நாஷிஜி அரக்கும், நீர்நாகமும், நல்வரவு காட்டும் முகில்களும் அமைந்த கோலம் அது. அதே ஆண்டில்தான் பேரரசர் தம் பழைய குடுமியைக் களைந்தார். மேனாட்டு முறையில் சீருடையும் அணியலானார். தலைமுடியும் உடையும் புதுமையை நாடிய காலத்தில், வாள் ஒன்று மட்டும் எட்டாம் நூற்றாண்டை நோக்கித் திரும்பிற்று.

மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 1876 மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. அரசு விழா உடை அணிந்தோரும், சீருடையிலுள்ள படைவீரரும் காவலரும் ஒழிய வேறெவரும் வாள் அணிதல் கூடாது என்பது அவ்வாணை. தலைமுறை தலைமுறையாக இரு வாள்களை இடையில் செருகி நடந்த சாமுராய் வகுப்பினர்க்கு அஃது இடிபோல் விழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் குமாமோட்டோ நகரில் ஏறத்தாழ 170 பேர் வாள்களை ஏந்தி அரசின் பாசறையைத் தாக்கினர். துப்பாக்கியைத் தொடவும் மறுத்த அவர்கள் விரைவில் வீழ்ந்தனர்.

இவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. உளியும் சுத்தியும் ஏந்திய கைவினைஞர்க்கு நேர்ந்ததை எழுதுவோர் சிலரே. கொல்லர், மெருகிடுவோர், உறை செய்வோர், அரக்குப் பூசுவோர், கயிறு பின்னுவோர், பூண் செதுக்குவோர் என ஒரு வாளைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்கள் பல. பதினைந்தாம் நூற்றாண்டில் கொட்டோ யூஜோ தொடங்கிய பூண் வினைஞர் மரபு பதினேழு தலைமுறை இடையறாது வந்தது. அணிவார் இல்லையெனில் செய்வார்க்கு வேலை ஏது? பூண் செதுக்கியோர் மலர்க்குடுவையும் புகைக்கலமும் செய்து வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்பினர். நட்சுவோவும் அவ்வழியே சென்றவர்தாம். 1890-இல் டோக்கியோ கவின்கலைப் பள்ளியில் ஆசிரியராகி, 1898-இல் காலமானார்.

உடையவர்களும் வறுமையுற்றனர். அவர்கள் விற்ற வாள்களின் கோலங்கள் பிரிக்கப்பட்டன. கைக்காப்பு ஓர் இடத்திற்கும், பிடியின் பூண் மற்றோர் இடத்திற்கும், உறை வேறோர் இடத்திற்கும் சென்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள அருங்காட்சியகங்களில் இன்று கைக்காப்புகள் வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பேழைகளில் உள்ளன. காண்பதற்கு இனியவையே. எனினும் ஒவ்வொன்றும் எவ்வாளின் மேல் இருந்தது, யார் இடையில் இருந்தது என்பது பெரும்பாலும் மறைந்துவிட்டது. அலகை மட்டும் காத்தால் போதும், ஒப்பனை எப்போதும் செய்துகொள்ளலாம் என்று பலர் எண்ணினர். அவ்வெண்ணமே போரினும் மிகுதியாகக் கோலங்களை அழித்தது என்பது என் கருத்து.

அலகுகட்கும் ஒரு நாள் வந்தது. 1945-இல் ஜப்பான் போரில் தோற்றபின், நாட்டிலுள்ள படைக்கலங்கள் யாவற்றையும் ஒப்படைக்குமாறு நேசநாட்டுப் படையினர் ஆணையிட்டனர். நேற்றுத் தொழிற்சாலையில் அடித்த படை வாளும், எழுநூறு ஆண்டு வழிவந்த குலச்செல்வமும் ஒரே குவியலில் வீழ்ந்தன. கடலில் எறிந்தவை பல, உருக்கியவை பல, வீரர்கள் நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றவை பல. ஹொஞ்ஜோ மசாமுனே என்னும் வாள் தோக்குகாவா தலைவர்களிடம் வழிவழியாக இருந்தது. 1939-இல் நாட்டின் செல்வமாக அறிவிக்கப்பெற்றது. 1945 டிசம்பரில் டோக்கியோவின் மெஜிரோ காவல் நிலையத்தில் அவ்வாளை ஒப்படைத்தனர். அடுத்த திங்களில் அங்கிருந்து அது எடுத்துச் செல்லப்பட்டது, இன்றளவும் திரும்பவில்லை.

அந்நாளில் ஹொம்மா ஜுன்ஜி என்னும் வாளறிஞர், அமெரிக்கப் படையின் கர்னல் காட்வெல் என்பாரை அணுகி, இவற்றுள் படைக்கலம் வேறு, கலைப்பொருள் வேறு என்பதை எடுத்துக் காட்டினார். வாள்களைக் கண்முன் வைத்தே வாதாடினார். அதன் பயனாகக் கலைச் சிறப்புடைய வாள்களை ஆய்ந்து விலக்கி வைக்க இசைவு கிடைத்தது. டோக்கியோவில் அக்காபானே என்னுமிடத்துக் கிடங்கில் குவிந்தவற்றினின்றும் ஏறத்தாழ 5,500 வாள்கள் தெரிந்தெடுக்கப்பட்டுத் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. உடையவர் பெயர் அறிந்தவை சிலவே. 1995-இல் இதற்கெனச் சட்டம் இயற்றி, உரியவரைத் தேடி, எஞ்சியவற்றுட் பெரும்பகுதியை 1999-இல் நாடெங்குமுள்ள அருங்காட்சியகங்கட்குப் பகிர்ந்தளித்தனர். குவியலில் சேரும்போதே கோலம் இழந்து வந்தவை அவற்றுள் பல.

இப்பின்னணியில் நோக்கினால், அலகும் கோலமும் ஒருசேர ஓரிடத்தில் இருக்கும் நீர்நாக வாள் எத்துணை அரியது என்பது விளங்கும். அவ்வலகு 764-இன் கலகத்தையும் 1876-இன் ஆணையையும் 1945-இன் குவியலையும் கடந்து வந்தது.

அத்தகைய அலகுகளைப் பேணும் முறை இன்றும் பழையதே. பேணுபவர் வாளுக்கு முன் அமர்ந்து தலை வணங்குகின்றார். மூச்சின் ஈரம் படாதிருக்க வாயிலே மெல்லிய தாள் ஒன்றைக் கவ்விக்கொள்வதும் உண்டு. வெண்மர உறையினின்றும் அலகை உருவி, மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியை நீக்குகின்றார். பழைய எண்ணெயைத் தாளால் துடைக்கின்றார்; மெருகுக் கல்லின் நுண்பொடி பொதிந்த பட்டு முடிச்சால் அலகின் மேல் மெல்லத் தட்டுகின்றார்; மீண்டும் துடைத்து, விளக்கொளியில் சாய்த்துத் துரு உண்டோ என்று அடி முதல் நுனி வரை நோக்குகின்றார். பின்னர் கிராம்பு மணம் கமழும் எண்ணெயை அளவாகத் தடவி, பிடியைப் பொருத்தி, மூங்கில் ஆணியை அதன் துளையில் செருகி, உறையில் இடுகின்றார்.